சில்லு வைக்காத ஒன்பது

ஒருவரைக் காக்கா பிடிக்க எத்தனையோ வழி இருக்கிறது. பழம் வாங்கிக்கொண்டு போகலாம். பெண்டாட்டியின் முழங்கால் வலியை விசாரிக்கலாம். அவர் சொல்லும் மொக்கை ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கலாம். மியூசியத்துப் பெரிய சார் இது எல்லாவற்றையும் செய்தார். போதாததற்கு உண்ணிகளுக்குப் பெயரும் வைத்தார். துணைவேந்தர் பேரில் ஓர் உண்ணி. நிதி ஒதுக்குகிற செயலாளர் பேரில் ஒன்று. அவர் மாற்றலாகிப் போனதும் அதே நாற்காலிக்கு வந்தவர் பேரில் இன்னொன்று. சம்பந்தி பேரில் ஒன்று, பல் டாக்டர் பேரில் ஒன்று. ஓய்வு பெற்றபோது, நாற்பத்திரண்டு புது இனங்களைக் கண்டுபிடித்தவர் என்று பேப்பரில் படம் போட்டார்கள். அந்த நாற்பத்திரண்டையும் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தவளுக்குப் பாராட்டுக் கூட்டத்தில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. சுவரோரமாக நின்று எல்லாரோடும் சேர்ந்து கை தட்டிவிட்டு வந்தாள்.

அவளுக்கு மியூசியத்தில் சில்லக்கா என்று பெயர். வீட்டில் வேறு பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலிலும் இருந்தது. ஆனால் கேட் வாட்ச்மேனிலிருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் அவள் சில்லக்காதான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் உண்ணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாட்டுக் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிற உண்ணி இல்லை இது. குளம், குட்டை, வாய்க்காலில் நீந்தித் திரிகிற நீருண்ணி. கடுகில் பாதிகூட இருக்காது. எட்டுக் கால், சிலந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் நிறமாக இருக்கும். தொட்டால் நசுங்கிவிடும், அவ்வளவு மெத்தென்ற உடம்பு. இதில் ஓர் இனத்துக்கும் இன்னோர் இனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிய, அதை அமிலத்தில் ஊறவைத்து, உள்ளே இருக்கிற சதையைக் கரைத்து, வெறும் தோலாக்கி, கண்ணாடித் துண்டின் மேல் கிளிசரின் ஜெல்லியில் படுக்க வைத்து, நகத்தளவு வில்லைக் கண்ணாடியால் மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து அளக்க வேண்டும். கால் எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு அகலம், அடிவயிற்றில் இருக்கிற தகடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பைத் தவிர மற்ற வேலை எல்லாம் சில்லக்காவுடையது.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வில்லைக் கண்ணாடியை அப்படியே மேலே வைத்தால் அதன் பாரத்திலேயே உண்ணி சப்பையாகிவிடும். ஜெல்லி காயக் காய இன்னும் அமுங்கும். அதனால் உடைந்த வில்லைகளிலிருந்து பொடிச் சில்லுகளாக நாலு எடுத்து, நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்து, அதற்கு மேல்தான் வில்லையை வைக்க வேண்டும். ஒரு சில்லு வைக்க இரண்டு நிமிஷம். ஊசி முனையில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும், தும்மினால் போச்சு. யார் அறையில் வில்லை உடைந்தாலும் குப்பையில் போட விடாமல் அவள் போய் வாங்கிக்கொண்டு வருவாள். "சில்லக்கா வந்துட்டாங்க, உடைச்சதைக் குடுங்க" என்று கிண்டல் பண்ணிப் பண்ணி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எல்லாம் காய்ந்த பிறகு விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வார்னிஷ் பட்டை அடித்து மூடிவிடுவாள். அதற்கப்புறம் உள்ளே சில்லு இருக்கிறதா இல்லையா என்று கடவுளுக்கே தெரியாது. ஒட்டியவளுக்குத்தான் தெரியும். பட்டையை உரித்துப் பார்க்கலாமே என்றால், ஒரு புது இனத்துக்கு ஆதாரமான ஸ்லைடை உரிக்க யாருக்கும் அனுமதி கிடையாது. அதனால்தான் ஸ்லைடின் வலது ஓரத்து லேபிளில் ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள்: முட்டுச் சில்லு எத்தனை? சில்லக்கா முப்பத்து நாலு வருஷமாக அந்தக் கட்டத்தில் 4 என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது ஸ்லைடைத் தவிர.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற குளத்திலிருந்து பெரிய சார் சீசா சீசாவாக உண்ணி பிடித்து வந்தார். அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு பார்க்கிற வருஷம். இன்னும் எட்டுப் புது இனமாவது காட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல. தினமும் காலையில் அவள் மேஜைக்குப் பின்னால் வந்து நின்று, அவள் சில்லு வைக்கிறதைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்ப்பார். கடைசியில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இந்தச் சில்லு கில்லு எல்லாம் விடும்மா. சட்டுனு ஒட்டிக் குடு" என்றார்.

நசுங்கிவிடும் சார் என்று அவள் சொன்னாள். நீ ஒட்டுகிற வேலையைப் பார், நான் பார்க்கிற வேலையைப் பார்க்கிறேன் என்றார். அவள் ஒட்டினாள். போதாத குறைக்கு அந்த வருஷம் வந்த வில்லைகளும் தடிமனான மட்ட ரகம். உண்ணிகள் எல்லாம் சக்கரத்தில் அரைபட்ட மாதிரி விரிந்து கிடந்தன. பெரிய சார் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அகலமான உடம்பு, தள்ளித் தள்ளி இருக்கிற தகடுகள். ஆஹா என்றார்.

ஒன்று கொஞ்சம் நசுங்கியது, ஒன்று கோணலாக நசுங்கியது, ஒன்று பின்பக்கம் மட்டும் நசுங்கியது. ஒவ்வொன்றும் ஒரு புது இனம். அவள் லேபிளில் தேதி எழுதினாள், ஜெல்லி என்று எழுதினாள், சில்லுக் கட்டத்தைக் காலியாக விட்டாள். பொய் எழுதவும் மனசில்லை, உண்மை எழுதவும் தைரியமில்லை. காலியாக விட்டதையே பெரிய எதிர்ப்பு மாதிரி கொஞ்ச நாள் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் குமட்டும்.

ஒன்பதாவதற்கு அவர் அவள் பெயரை வைத்தார். அவளுடைய சொந்தப் பெயர், லத்தீன் வால் ஒட்டி, சாய்வெழுத்தில். அச்சான இதழை அவள் மேஜையில் கொண்டுவந்து போட்டு, திருப்திதானே என்று கேட்டார். அவள் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டாயிற்று, சாவி அவர் பையில். அது அவளுக்கு அப்போதே புரிந்தது என்பதுதான் இதில் அசிங்கம். புரிந்தும் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள்.

அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற பியூனாக இருந்தவர். அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடுகிறவன் வந்தாலும்கூட, "இது என் பொண்ணு பேரு. உலகம் இருக்கற வரைக்கும் இருக்கும்" என்பார். உலகம் இருக்கும் வரை என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. பெரிய சார் அப்படித்தான் விளக்கியிருந்தார். அப்பா சாகும்போது அந்தச் சட்டம் அவர் கட்டிலுக்கு எதிரே இருந்தது. அவர் போன பிறகு அவள் புருஷன் அதைத் துடைக்கிற வேலையை ஏற்றுக்கொண்டான். அவன் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்தவன், அச்சில் வந்தது எதுவானாலும் அவனுக்கு ஒரு மரியாதை. கோபம் வந்தால் மட்டும் அவளை உண்ணி மகாராணி என்று கூப்பிடுவான்.

பெயர் என்றைக்கும் இருக்கும் என்பதில் பெரிய சார் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தால், எது முதலில் வைத்ததோ அதுதான் நிற்கும். பின்னால் வந்தது அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், செல்லாத பெயர்களின் பட்டியலில் போய்ச் சேரும். மியூசியத்தில் இதை அமுங்கிப் போச்சு என்பார்கள். அமுங்கினாலும் பட்டியலிலிருந்து போகாது. இனி வருகிற ஒவ்வொரு புத்தகத்திலும், இன்னார் தப்பாக வைத்த பெயர் இது என்று அச்சாகிக்கொண்டே இருக்கும். அந்த வகையில் உலகம் இருக்கும் வரை என்பது உண்மைதான்.

போன வருஷம் வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயசிருக்கும். இந்த உண்ணிக் கூட்டம் முழுவதையும் மறுபடி அளந்து, எது நிற்கும், எது அமுங்கும் என்று தீர்த்து எழுத வந்தவள். அளவு மேடம் என்று கேண்டீனில் பெயர் வைத்துவிட்டார்கள். டீ குடிக்கும்போதுகூட கோப்பையின் வாயை விரலால் அளப்பவள் மாதிரி இருப்பாள். ஒரு வாரம் ஸ்லைடு அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். சில்லக்கா ஸ்லைடை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அந்த ஒன்பதை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை அளவு மேடம் பெரிய சாரைக் கேட்டாள். ஓய்வு பெற்றாலும் அவர் தினமும் வந்து உட்கார்ந்திருப்பார். கிழக்குப் பக்கத்து ஹாலுக்கு அவர் பெயர் வைக்கப்போகிறார்கள், அதைப் பார்வையிடுகிற வேலை இருந்தது. நீரேற்று நிலையத்துக் குளத்து ஒன்பது இனங்களுக்கும், அதே குளத்திலிருந்து ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு நீர்வாரியக் குமாஸ்தா விவரித்த இனத்துக்கும் கால் நீளம் மயிரிழைகூட மாறவில்லையே, உடம்பு மட்டும் ஒன்றரை மடங்கு அகலமாக இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டாள். அந்தக் குமாஸ்தா பொழுதுபோக்குக்காக உண்ணி பார்த்தவர். தன் இனத்துக்கு, சாதாரணமானது என்று அர்த்தம் வருகிற லத்தீன் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அது இயற்கையின் விசித்திரம் என்றார் பெரிய சார். சில்லுக் கட்டம் ஒன்பதிலும் காலியாக இருக்கிறதே என்றாள் அவள். அது அந்தப் பெண் எழுத மறந்திருப்பாள், கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் சில்லக்காவின் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். புருஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலியை இரண்டு தடவை துடைத்தான், சட்டத்தை மூன்றாவது தடவையாகத் துடைத்தான். பெரிய சார் சட்டத்துக்கு முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் வார்த்தைகளைத் தானே ரசித்துப் படித்தார். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா. ஒன்பது லேபிள்ல ஒரு கட்டம் காலியா இருக்கு. திங்கக்கிழமை அந்தம்மா வர்றதுக்குள்ள நாலுன்னு போட்டுடு."

"நீங்கதானே சார் வேண்டாம்னு சொன்னீங்க."

"நானா? நான் எப்பம்மா சொன்னேன்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகத்தை அவளுக்குத் தெரியும், நாளைக்கு ரெடி என்று சொல்லியே பிழைத்த அச்சகத்துக்காரனோடு வாழ்கிறவள். இது பொய் சொல்கிற முகமில்லை. மனுஷன் நிஜமாகவே மறந்துபோயிருந்தார். அவள் இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்த ஒன்றை, அவர் அன்றைக்கே பேசி அன்றைக்கே மறந்திருந்தார்.

போகும்போது அவர் வாசலில் நின்று, "போனா என் பேரு மட்டும் போகாது. உன் பேரும் சேர்ந்துதான் போகும். யோசிச்சுக்கோ" என்றார். சொல்லிவிட்டு அவள் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். நாயைத் தட்டுவார்களே, அப்படி. அறுபது வயசுப் பெண்பிள்ளையை. அவள் அன்றைக்கே தலைக்குக் குளித்தாள்.

புருஷன் ஆப்பிளை நறுக்கிக்கொண்டே, ஒரே ஓர் எழுத்துத்தானே, போட்டுவிட்டுத்தான் வாயேன் என்றான். உன் அப்பா முகத்துக்காகவாவது என்றான். அவள் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆப்பிள் சாப்பிடவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஞாயிறு முழுக்க அவள் மனசு நாலு போடுகிற பக்கம்தான் சாய்ந்திருந்தது. துணி துவைக்கும்போது, காய் நறுக்கும்போது, முன்னறையைக் கடக்கும்போது அந்தச் சட்டத்தைப் பார்ப்பாள். ஒன்பது கட்டம், ஒன்பது நாலு. ஒரு நிமிஷ வேலை. பேனாவைக்கூட எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் ஸ்லைடு அறையைத் திறந்தாள். முதல் ஸ்லைடை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள். எழுதுவதற்கு முன் எதற்கோ அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த ஒன்பதை அவள் திரும்பிப் பார்த்ததில்லை. செயலாளர் பெயர் கொண்ட உண்ணி அது. தோல் ஒரு பக்கம் கிழிந்து, வயிற்றுத் தகடுகள் பிதுங்கித் தள்ளி, காலடியில் மிதிபட்டது மாதிரி கிடந்தது. இதற்கு ஒரு பெரிய மனிதர் பெயர், இதழில் நாலு பக்க வர்ணனை. இதைப் பார்த்து ஆஹா என்றவர் அவள் தலையைத் தட்டியிருக்கிறார். சீ என்று வாய்விட்டே சொன்னாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, அளவு மேடம் வந்து கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே போய் நின்றாள்.

"சில்லு வைக்கல மேடம். மறந்து போய் எழுதாம விட்டதில்ல, வைக்கவே இல்ல. பெரிய சார் வேண்டாம்னு சொன்னார்."

ஒன்பதுக்குமா என்று மேடம் கேட்டாள். ஒன்பதுக்கும்தான் என்றாள் சில்லக்கா.

பேச்சை வைத்து எதுவும் தீர்க்க முடியாது என்று மேடம் சொன்னதும், சில்லக்கா அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு சீசாவை எடுத்து வந்தாள். அதே குளம், அதே மழைக்காலம், ஸ்பிரிட்டில் மிச்சம் கிடந்த உண்ணிகள். வருஷா வருஷம் ஸ்பிரிட் வற்ற வற்ற ஊற்றி வைத்திருந்தாள். எதற்கென்று யாரும் கேட்டதில்லை. அதிலிருந்து பன்னிரண்டை எடுத்து மேடத்தின் கண் முன்னாலேயே ஒட்டினாள். ஆறுக்குச் சில்லு வைத்தாள், ஆறுக்கு வைக்கவில்லை. பழைய தடிமன் வில்லை ஒரு பெட்டி கிடந்தது, அதையே போட்டாள். நாலு நாள் வெதுவெதுப்பான தட்டில் வைத்துக் காயவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் அறையில் அளந்தார்கள். சில்லு வைத்த ஆறும் குமாஸ்தாவின் சாதாரண உண்ணி. வைக்காத ஆறில் ஒன்று துணைவேந்தர், ஒன்று செயலாளர், இரண்டு பல் டாக்டர், மற்ற இரண்டும் இன்னும் பெயர் வைக்காத ஒரு புது இனம். ஒரே சீசாவிலிருந்து ஐந்து இனம் பிறந்திருந்தது. டைரக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கண்ணாடிக்குள்ள இருந்ததைத்தான் பார்த்தேன். கண்ணாடியை வச்சது யாரு?" என்றார், யாரையும் பார்க்காமல்.

எல்லாரும் சில்லக்காவைப் பார்த்தார்கள்.

"நான்தான். நீங்க சொல்லித்தான்."

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஹால் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டியிருந்தது.

நாலு மாசம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. அதற்குள் ஹாலும் திறந்தாயிற்று. கிழக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய சார் பெயர் பித்தளை எழுத்தில் மின்னியது. கட்டுரையில் ஒன்பதும் அமுங்கியிருந்தது. சாதாரணமானது என்ற குமாஸ்தாவின் பெயருக்குக் கீழே துணைவேந்தர், செயலாளர், பல் டாக்டர் எல்லாம் சின்ன எழுத்தில் வரிசையாகக் கிடந்தார்கள், கடைசியில் அவள். அதுவரைக்கும் அவள் சிரித்தபடியேதான் படித்தாள். அடுத்த பத்தியில் ஒரு வரி இருந்தது: மாதிரிகளைத் தயாரித்தவரின் கவனக்குறைவால் உடல் நசுங்கியதே இந்த வேறுபாடுகளுக்குக் காரணம். முடிவில் நன்றி சொல்லியிருந்தார்கள். முதல் நன்றி, பெருந்தன்மையோடு ஒத்துழைத்த பெரிய சாருக்கு.

அவள் அளவு மேடத்துக்குப் போன் பண்ணினாள். கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டாள். "எழுத்துல இருந்திருந்தா போட்டிருப்பேன்க்கா. அவர் சொன்னதுக்கு எழுத்துல ஒண்ணுமே இல்லையே" என்றாள் மேடம். கெட்டவள் இல்லை அவள். குரலில் வருத்தம்கூட இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. சில்லக்கா சரிங்க என்று போனை வைத்தாள். புருஷன் கட்டுரையைப் படித்துவிட்டு, கவனக்குறைவா, நீயா என்றான். உப்பு ஒரு கல் கூடினாலே குழம்பைக் கீழே ஊற்றுகிறவளா என்றான். அவன் கல்யாணம் ஆனதிலிருந்து அவளைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் அவளுக்கு முள் மாதிரிக் குத்தியது. ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை.

மாசக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. கடைசி வேலையாக அந்த ஒன்பது ஸ்லைடிலும் புதுப் பெயர் லேபிளை ஒட்டிவிட்டுச் சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள். பழைய லேபிளைக் கிழிக்கக்கூடாது, அடிக்கக்கூடாது. பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். ஆதார ஸ்லைடில் மையில் ஏறின எழுத்தை மியூசியத்தில் யாரும் தொடமாட்டார்கள், டைரக்டரே ஆனாலும். காகிதத்தில் வந்ததை எவனாவது படிப்பான், படிக்காமலும் போவான். இந்த உண்ணியைப் பற்றி இனி எழுத வருகிற ஒவ்வொருவனும் இந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தே தீர வேண்டும். எழுத்தில் இல்லை என்றாளே, இதோ காலிக் கட்டம் இருக்கிறது.

புது லேபிள்களை ஒட்டி முடித்தபின், அழியாத மையைத் தொட்டு, செயலாளர் ஸ்லைடை எடுத்தாள். முட்டுச் சில்லு எத்தனை? "இல்லை. பெரிய சார் உத்தரவு" என்று எழுதினாள். பெரிய சார் என்று எழுதவில்லை, அவருடைய முழுப் பெயரையும் பட்டத்தோடு எழுதினாள். கீழே தன் கையெழுத்துப் போட்டாள். துணைவேந்தருக்கும் அப்படியே. பல் டாக்டருக்கும் அப்படியே. எட்டும் மளமளவென்று முடிந்தது. ஒவ்வொன்றையும் எழுதும்போது உள்ளுக்குள் ஒரு காறித் துப்பல் போட்டுக்கொண்டுதான் எழுதினாள்.

ஒன்பதாவது அவளுடையது. அதை எடுத்து வைத்ததும் கை நின்றுவிட்டது.

அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. எட்டு முடிந்ததுமே பெரிய சாருக்கு வேண்டிய எண்ணிக்கை கிடைத்துவிட்டது. அவசரம் தீர்ந்துவிட்டது, இனிமேல் பழையபடி சில்லு வைத்தே ஒட்டு என்று அவரே சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். போகிறபோது, இந்த மாதிரி அகலமாக இன்னும் ஒன்று கிடைத்தால் உன் பெயரை வைத்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். சில்லு டப்பா வலது கைப்பக்கம் திறந்திருந்தது. நாலு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வைத்தால் சாதாரண உண்ணி, வைக்காவிட்டால் அவள் பெயர். நாலையும் திரும்ப டப்பாவில் போட்டாள். வில்லையால் மூடிய பிறகு, போதாதென்று, விரல் நுனியால் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

இருபத்தாறு வருஷமாகப் பெரிய சாரை நினைத்து நினைத்துக் குமட்டியது எல்லாம் நியாயம்தான். அந்தக் குமட்டலில் அவர் பங்கு எட்டு. அளவு மேடத்திடம் ஒன்பதுக்கும்தான் என்று சொன்னபோதுகூட ஒன்றை அவர் தலையில் கட்டியிருந்தாள். இப்போதும் கட்டலாம். எட்டு இருக்கிற இடத்தில் ஒன்பது இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மை பேனா முனையில் காய்ந்துகொண்டு வந்தது. அப்பாவின் சட்டம் ஞாபகம் வந்தது, கேஸ் சிலிண்டர்காரனிடம் அவர் விரலை நீட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. தன் விரலைப் பார்த்தாள்.

மறுபடி மையைத் தொட்டுக் கட்டத்தில் எழுதினாள்: இல்லை. யாரும் சொல்லவில்லை.

கீழே தன் முழுப் பெயரை எழுதினாள்.